வெள்ளியாய் மின்னினால் போதாது

நன்னீர்த் தொட்டியிலிருந்து கடல் கூண்டுக்கு மாற்றிய நான்காம் நாள், செத்து மிதந்த இளம் சால்மன்களைக் காட்டி "ஏதோ தொற்று" என்றார் பண்ணை மேலாளர். ஒன்றை அறுத்துப் பார்த்தேன். புண் இல்லை, ஒட்டுண்ணி இல்லை. குடல் நிறையத் தெளிந்த நீர், சதையோ வற்றிப்போயிருந்தது. கடலுக்குள் இருந்தபடியே நீரிழந்து செத்த மீன் அது.

மீன் இரத்தத்தின் உப்புச் செறிவு கடல்நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆற்றில் நீர் தானாகவே உடலுக்குள் புகும், உப்பு கசியும். மீன் நீர்த்த சிறுநீரை ஓயாமல் கழித்துச் சமாளிக்கும். கடலில் நீர் வெளியேறுவதால் குடித்தே தீர வேண்டும். குடித்த உப்பைச் செவுள் வெளியே தள்ள வேண்டும்.

ஆற்றில் உப்பைப் பிடித்துவைப்பது பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் புரோலாக்டின் என்ற ஹார்மோன். பிட்யூட்டரியை அகற்றிய கில்லி என்ற சிறு மீன்கள் நன்னீரில் பிழைப்பதில்லை. புரோலாக்டின் செலுத்தினால் பிழைக்கின்றன என்று 1959இல் ஆய்வாளர்கள் பிக்ஃபோர்டும் பிலிப்ஸும் காட்டினார்கள். கடலுக்குப் புறப்படும் பருவத்தில், பகல் நீள நீள, வளர்ச்சி ஹார்மோனும் கார்டிசாலும் மேலோங்கிச் செவுளில் உப்பை வெளியேற்றும் செல்களைப் பெருக்குகின்றன. மன உளைச்சலோடு மட்டுமே நாம் சேர்த்துப் பேசும் அதே கார்டிசால்தான். அதற்காக மீனை வலையில் போட்டுப் புரட்டி எடுத்தால் நன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். செதில் உரிந்த இடமெல்லாம் நீர் கசியும் ஓட்டைதான்.

கடலுக்குத் தயாராகும் இளம் சால்மன் வெள்ளியாய் மின்னத் தொடங்கும். பண்ணைகளில் ஏமாறுவது அந்த நிறத்தைப் பார்த்துத்தான். தோலில் வெள்ளி பூசுவதில் தைராய்டு ஹார்மோனுக்குப் பெரும் பங்கு உண்டு. செவுளைப் பழக்குவது வேறு ஹார்மோன்கள். இரண்டும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்று கட்டாயமில்லை. போதாக்குறைக்கு, கடலைத் தாங்கும் தகுதி சில வாரங்களே நிலைக்கும். நன்னீரிலேயே நிறுத்திவைத்தால் செவுள் பழையபடி ஆற்றுச் செவுளாகிவிடும். வெப்பம் கூடினால் இன்னும் விரைவில். மினுமினுப்போ அதற்குப் பிறகும் நிற்பதுண்டு.

சில மீன்களை 24 மணி நேரம் கடல்நீரில் விட்டு இரத்த சோடியத்தை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். லிட்டருக்கு 170 மில்லிமோலுக்குள் இருந்தால் எனக்கு நிம்மதி.

அடுத்த தொகுதியில் பத்து மீன்களைச் சோதித்தோம். பலவற்றில் அளவு 190ஐத் தாண்டியிருந்தது. தொட்டியில் மீன்கள் கண்ணைப் பறிக்கும்படி மின்னிக்கொண்டிருந்தன. ஏற்றிப்போக வந்த லாரியைத் திருப்பி அனுப்பினோம்.