தக்காளி லாரியும் அணுவின் ஆட்டமும்

போரான் நைட்ரைடு பார்க்க வெறும் வெள்ளைப் பொடி. உள்ளே போரான் அணுவும் நைட்ரஜன் அணுவும் எதிரெதிராக ஆடும் ஓர் அதிர்வு, நொடிக்குச் சுமார் 42 லட்சம் கோடி முறை. எலக்ட்ரான் நுண்ணோக்கி தனி அணுவையே காட்டும். ஆனாலும் இந்த ஆட்டத்தை அது படம் பிடிப்பதில்லை, கணக்கு பார்க்கிறது. எலக்ட்ரான் பொருளை நோக்கிப் போகும்போது எவ்வளவு ஆற்றல், தாண்டி வரும்போது எவ்வளவு? குறைந்தது அதிர்வுக்குப் போனது.

சொல்வது சுலபம். வரும் எலக்ட்ரானின் ஆற்றல் 60,000 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் சிறிய அலகு). மேற்சொன்ன அதிர்வு எடுத்துக்கொள்வது 0.173. இருபத்தைந்து டன் தக்காளி லாரியை எடைமேடையில் ஏற்றி, வழியில் ஒரு பழம் காணாமல் போனதா என்று கண்டுபிடிப்பது போல. போதாததற்கு, லாரிகள் கிளம்பும்போதே ஒன்றுக்கொன்று இரண்டு பழம் கூடக்குறைய இருக்கும்: எலக்ட்ரான்களைச் செலுத்தும் நல்ல எலக்ட்ரான் துப்பாக்கியிலும் 0.3 எலக்ட்ரான் வோல்ட் வரை ஏற்ற இறக்கம் உண்டு.

இதற்கு மருந்துதான் மோனோகுரோமேட்டர். காந்தப்புலத்தில் வேகமான எலக்ட்ரான் குறைவாக வளையும், மெதுவானது கூடுதலாக வளையும். அப்படி விசிறிபோல விரித்து, நடுவில் ஒரு மெல்லிய பிளவு வழியாக ஒரே ஆற்றல் உள்ளவற்றை மட்டும் விடுகிறார்கள். பெரும்பங்கு எலக்ட்ரான்கள் அங்கேயே வீண். ஆராயும் பொருளைத் தாண்டியபின் இன்னொரு காந்தம் மறுபடி விரித்து, இழப்பை அளக்கிறது. 2014இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி வல்லுநர் ஒன்ட்ரே கிரிவானெக்கின் குழு ஏற்ற இறக்கத்தை 0.01 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குச் சுருக்கிய பிறகே அதிர்வுகள் தெளிவாகத் தெரிந்தன. எலக்ட்ரான் பொருளுக்குள் நுழையக்கூட வேண்டாம். சில பத்து நானோமீட்டர் தள்ளிப் போனாலும் அதன் மின்புலம் அணுக்களை அசைத்துவிடும். எலக்ட்ரான் கற்றை பட்டால் சிதைந்துபோகும் உயிர் மூலக்கூறுகளுக்கு இது பெரிய வசதி.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறொன்று. சில லாரிகள் ஒரு பழம் கூடுதலாக வந்து சேர்கின்றன! ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் அணுக்கள் தங்கள் ஆற்றலை எலக்ட்ரானுக்குக் கொடுத்துவிடுகின்றன. பொருள் எவ்வளவு சூடோ, அவ்வளவுக்கு இது அடிக்கடி நடக்கும். போரான் நைட்ரைடில், அறை வெப்பநிலையில் சுமார் 800 எலக்ட்ரான்கள் இழந்தால் ஒன்றுதான் பெறும். 1,000 டிகிரி செல்சியஸில் ஐந்துக்கு ஒன்று. இழந்தவை, பெற்றவை இரண்டையும் எண்ணி வகுத்தால் வெப்பநிலை வந்துவிடும்; வேறொரு வெப்பமானியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையே இல்லை. 2018இல் இதே பொருளின் நுண்செதில்களை அறை வெப்பநிலையிலிருந்து 1,600 கெல்வின் வரை சூடாக்கி, இப்படித்தான் அளந்தார்கள்.