எடைக்கருவிக்குத் தெரியாத வளர்ச்சி

மூன்று வயதுக் குழந்தையிடம் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டுப் பாருங்கள். இரண்டு கைகளையும் விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். பந்து நெருங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மார்பில் மோதிய பிறகுதான் கைகள் மூடும். அதற்குள் பந்து தரையில் உருண்டுகொண்டிருக்கும். அதே குழந்தை ஏழு வயதில் பந்தின் போக்கைக் கண்ணால் தொடர்ந்து, முழங்கையை மடக்கி, விரல்களாலேயே பிடித்துவிடும். பந்து எங்கே, எப்போது வந்து சேரும் என்று கணிக்க மூளை பழகியிருக்கிறது. எந்த எடைக்கருவியும் இதைக் காட்டாது.

விளையாட்டுப் பயிற்சியில் சேர்த்து மூன்று மாதமாகியும் எடை குறையவில்லையே என்று வருந்தும் பெற்றோர் இதை அறிந்துகொள்ள வேண்டும். பருவ வயதுக்கு முன் பயிற்சியால் கூடும் வலுவில் தசை பருப்பதன் பங்கு குறைவு. ஒரே நொடியில் கூடுதலான தசை இழைகளை வேலைக்கு அழைக்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. வலு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

எடையைப் புரிந்துகொள்வதும் இந்த வயதில் எளிதன்று. உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. எண், முதல் வயதில் ஏறும். பிறகு இறங்கி, ஐந்தாறு வயதில் அடிமட்டத்தைத் தொட்டு, மீண்டும் ஏறத் தொடங்கும். இந்த இரண்டாம் ஏற்றம் மிக முன்னதாகவே தொடங்கிவிட்டால், பிற்காலத்தில் உடற்பருமன் வரும் வாய்ப்பு அதிகம். எனவே ஒரு நாள் எடையை வைத்துப் பதறாதீர்கள். மருத்துவரிடம் வளர்ச்சி வரைபடத்தின் கோடு எப்படிப் போகிறது என்று கேளுங்கள்.

உடல்தகுதியை அளக்க உலகெங்கும் 20 மீட்டர் ஓட்டத் தேர்வு நடத்துகிறார்கள். 20 மீட்டர் இடைவெளியில் போட்ட இரண்டு கோடுகளுக்கிடையே மாறி மாறி ஓடி, ஒலி எழும்போதெல்லாம் மறுகோட்டைத் தொட வேண்டும். வேகம் மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி, நிமிடத்துக்கு 0.5 கிலோமீட்டர் கூடிக்கொண்டே போகும். பருமனான குழந்தை இதில் பின்தங்கும், ஏனென்றால் ஒவ்வோர் அடியிலும் அது தன் முழு உடலையும் சுமந்தாக வேண்டும். அதே குழந்தை கைப்பிடி வலுவை அளக்கும் கருவியில் எல்லோரையும் முந்திவிடக்கூடும். ஓட்டத்தை மட்டும் பார்த்து ஒரு குழந்தையை ஓரத்தில் உட்காரவைப்பது எனக்குப் பொறுக்க முடியாத அநியாயமாகப் படுகிறது.

குழந்தைகள் இயல்பாக எப்படி ஓடுகிறார்கள்? 6 முதல் 10 வயதுள்ளவர்களைக் கவனித்து 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், தீவிர அசைவுகள் பெரும்பாலும் மூன்று நொடி அளவிலேயே முடிந்துவிட்டன. பாய்வார்கள், நிற்பார்கள், மறுபடி பாய்வார்கள். அவர்களுடைய தசைகள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் பெறுவதில் பெரியவர்களைவிட அதிகம் சாய்ந்திருப்பதால் களைப்பு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட உடலை வரிசையில் நிறுத்திவைத்தால் என்ன ஆகும்? பத்துக் குழந்தைகள், ஒரே பந்து, ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கிடைப்பது ஆறே நிமிடம்; மீதி 54 நிமிடமும் காத்திருப்பு. இருவருக்கு ஒரு பந்து கொடுத்தால் அதே நேரம் அரை மணி ஆகிவிடுகிறது. மூன்று, நான்கு வயதினர் நாளெல்லாம் சேர்த்து 180 நிமிடம் உடலை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு இரண்டு வகுப்புகள் அதை ஈடுசெய்யாது. மீதி, வீட்டுக்கு வெளியே அவர்கள் தாமாக ஆடும் ஆட்டத்தில்தான் கிடைக்க வேண்டும்.

அளந்தே பார்க்க வேண்டுமென்றால் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். குழந்தை கால்களைச் சேர்த்து நின்று முன்னே தாவட்டும். கோட்டிலிருந்து குதிகால் பதிந்த இடம்வரை அளந்து குறித்துவையுங்கள். முதலில் கைகள் பக்கவாட்டில் அலையும், ஒரு கால் முந்திக்கொண்டு தரையிறங்கும். சில மாதங்கள் கழித்து மறுபடி தாவச் சொல்லுங்கள். தூரத்தோடு கைகளையும் கவனியுங்கள்: அவை பின்னால் போய், உடலுக்கு முன்னே வீசி எழும்.