நுண்ணெகிழி என்னும் சொல்

பர்மாவில், யாங்கோனுக்குப் பக்கத்திலுள்ள சிரியம் ஊரில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் துணி காயப்போட ஒரு பச்சைக் கயிறு கட்டியிருந்தோம். கடையில் நைலான் கயிறு என்று சொல்லித்தான் தருவார்கள். உண்மையில் அது பாலிப்ரொப்பிலீன் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக். மூன்று கோடையைப் பார்த்த கயிறு. போன மாதம் அதை அவிழ்க்கப் போனேன். முடிச்சு அவிழவில்லை, விரல்களுக்கு நடுவே அப்படியே பொடிந்தது. உள்ளங்கை முழுக்கப் பச்சைப் பொடி. கூடவே மயிரிழை போன்ற துணுக்குகள், அவற்றில் இரண்டு மூன்று விரலில் குத்திக்கொண்டு நின்றன.

"கயிறு மக்கிப் போச்சுப்பா, தூக்கிப் போடு" என்றார் அத்தை. நானும் கையைக் குழாயடியில் கழுவினேன். தண்ணீர் சாக்கடைக்குப் போயிற்று. சாக்கடை ஓடைக்குப் போகும், ஓடை ஆற்றுக்குப் போகும்.

கழுவி முடித்த பிறகுதான் அத்தையின் சொல் மனதில் இடித்தது. மக்கிப் போச்சு என்றாரே, அது மக்கவில்லையே!

மக்குதல் என்பதற்குத் தமிழில் திட்டமான பொருள் உண்டு. இலைதழை மக்கும், வைக்கோல் மக்கும், சாணம் மக்கும். பூஞ்சையும் பாக்டீரியாவும் மண்புழுவும் தின்று தீர்த்து, அடுத்த பயிருக்கு எருவாக்கிவிடும். தேங்காய் நார்க் கயிறு என்றால் இற்றுப்போகும். மரம் உளுத்துப்போகும், இரும்பு துருப்பிடிக்கும். ஒவ்வொரு பொருளின் அழிவுக்கும் தனித்தனி வினைச்சொல் வைத்திருக்கிறோம். இவை எல்லாவற்றிலும் கடைசியில் பழைய பொருள் போய் வேறொன்று வந்துவிடுகிறது. என் பச்சைக் கயிற்றுக்கு நேர்ந்தது நொறுங்கல். அது இருந்த பிளாஸ்டிக்காகவேதான் இருக்கிறது, துண்டுகள்தான் சிறுத்துவிட்டன. அந்தத் துண்டுகளுக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் மைக்ரோபிளாஸ்டிக். தமிழில் நுண்ணெகிழி.

முதலில் மைக்ரோபிளாஸ்டிக் என்ற சொல்லைப் பார்த்துவிடலாம். இரண்டு பாதியும் கிரேக்கம். 'மிக்ரோஸ்' என்றால் சிறியது. 'பிளாஸ்ஸெயின்' என்றால் களிமண்ணைப் பிசைந்து உருவம் கொடுப்பது. குயவர் செய்கிற வேலை. அதிலிருந்து வந்த பிளாஸ்டிக் என்ற சொல் ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகள் வெறும் பெயரடையாக, 'பிசைந்து உருவாக்கக்கூடிய' என்ற பொருளில் வழங்கியது. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்ட் 1907இல் பேக்கலைட்டைக் கண்டுபிடித்தார். செயற்கைப் பொருள்களுக்கே அந்தச் சொல் பெயராக நிலைத்தது அதற்குப் பிறகுதான்.

மைக்ரோபிளாஸ்டிக் என்ற கூட்டுச்சொல்லை அறிவியல் உலகில் பரப்பியது 2004இல் பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் தாம்ஸனும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்ட சிறு கட்டுரை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் பல பத்தாண்டுகளாகச் சேகரித்து வைத்திருந்த மிதவையுயிர் மாதிரிகளை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 1960களிலேயே அவற்றில் பிளாஸ்டிக் இழைகள் இருந்தன. வரவரக் கூடியும் வந்திருந்தன. 2008இல் அமெரிக்காவின் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகம் கூட்டிய கருத்தரங்கில் 5 மில்லிமீட்டர் என்ற எல்லை வந்தது. அதற்குச் சிறியதெல்லாம் மைக்ரோபிளாஸ்டிக். ஏறக்குறைய ஒரு பச்சைப்பயறின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கண்ணுக்கே தெரியாத அளவுவரை இறங்கும்.

சரி, தமிழுக்கு வருவோம். பிளாஸ்டிக்குக்கு நாம் வைத்த பெயர் நெகிழி. நெகிழ் என்ற வினையடியிலிருந்து வந்தது. பிரிவில் மெலிந்த தலைவியின் கைவளை நெகிழும். கட்டு நெகிழும். அன்பில் மனம் நெகிழும். இறுக்கம் தளர்ந்து இளகுவதற்கான சொல் அது. சூடுபட்டால் இளகி, வேண்டிய வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும் பொருளுக்கு அதை வைத்தவர் நல்ல செவி உள்ளவர் என்பேன். பழந்தமிழில் ஞெகிழி என்ற வடிவமும் உண்டு. ஆனால் சங்கப் பாட்டில் அது கொள்ளிக்கட்டையைக் குறிக்கும், சிலம்பையும் குறிக்கும். அதனால் சங்க காலத்திலேயே நெகிழிக்குப் பெயர் இருந்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் ஏற்க வேண்டாம். வடிவம்தான் ஒட்டி வருகிறது, பொருள் வேறு.

குழைமம் என்ற இன்னொரு சொல்லும் கலைச்சொல் அகராதிகளில் உண்டு. குழைதல், குழைத்தல் என்பது பிசைந்து உருவாக்குவதற்கு நெருக்கமானது. கிரேக்க வேருக்கு இதுவே அதிகப் பொருத்தம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் மக்கள் வாய்க்குப் போனது நெகிழிதான். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தபோது அரசு விளம்பரம், பேருந்துப் பலகை, பள்ளிச் சுவர் எல்லாவற்றிலும் நெகிழி ஏறிவிட்டது. வழக்கில் வென்ற சொல்லோடு நிற்பதே சரி என்பது என் கருத்து.

மைக்ரோவுக்கு நுண். நுண்ணோக்கி, நுண்ணுயிர், நுண்ணலை என்று ஏற்கெனவே பழகிய முன்னொட்டு. சிறு என்று போட்டால் என்ன என்று கேட்கலாம். சிறுகல் கண்ணுக்குத் தெரியும். நுண்மணல் இடுக்கில் புகும். சிறுமையோடு, எங்கும் நுழைந்துவிடும் தன்மையையும் நுண் என்ற சொல் சேர்த்துச் சொல்கிறது. இந்தத் துகளுக்கு அந்த இரண்டாவது குணம்தான் முக்கியம்.

எழுதும் முறையில்தான் குழப்பம். நுண் நெகிழி, நுண்நெகிழி என்றெல்லாம் எழுதுகிறார்கள். கண் + நீர் கண்ணீர் ஆகிறது, தண் + நீர் தண்ணீர் ஆகிறது. அதே விதிப்படி நுண் + நெகிழி, நுண்ணெகிழி. தனிக் குற்றெழுத்தை அடுத்த ணகரத்துக்குப் பின்னால் வரும் நகரம் ணகரமாகிவிடும். கண்ணீர் என்று எழுதத் தெரிந்த கைக்கு நுண்ணெகிழியும் வரும்.

இங்கே கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தருகிறோம். வீட்டில் பாதித் தமிழ், தெருவில் முழுப் பர்மியம் என்று வளர்கிற பிள்ளைகள். நெகிழிப்பை என்று பலகையில் எழுதி, பர்மியத்தில் இது என்ன என்று கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் "ச்சுட்-ச்சுட்-எய்" என்றார்கள். எய் என்றால் பை. ச்சுட் என்றால் மொறுமொறுவென்று இருப்பது, எளிதில் நொறுங்குவது. அப்பளத்துக்குச் சொல்கிற மாதிரி. கசக்கினால் எழுகிற சத்தத்தோடும் அது ஒட்டி நிற்கிறது.

பல வருடமாகச் சந்தையில் நானே சொல்லி வந்த சொல்தான், அன்றைக்குத்தான் அது புதிதாகக் காதில் விழுந்தது. ஒரே பொருள், இரண்டு மொழி. தமிழ் அதன் வளையும் குணத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது; பர்மியம் அதன் நொறுங்கும் குணத்தைப் பார்த்து வைத்திருக்கிறது. நெகிழி தன் நெகிழ்ச்சியை இழக்கும் நாளில்தான் நுண்ணெகிழி பிறக்கிறது. என் பச்சைக் கயிறு வாங்கிய அன்று தமிழ்ப் பெயருக்குப் பொருந்தியது, அவிழ்த்த அன்று பர்மியப் பெயருக்குப் பொருந்தியது.

நெகிழ்ச்சி எப்படிப் போகிறது? பிளாஸ்டிக் என்பது மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிக் கிடப்பது. சங்கிலி நீளமாக இருக்கும்வரை வளையும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் சங்கிலியை அங்கங்கே வெட்டுகிறது, காற்றின் ஆக்சிஜன் வெட்டுவாயில் ஏறிக்கொள்கிறது. பாலிப்ரொப்பிலீன் இதற்குச் சீக்கிரம் பலியாகும். மென்மைக்காகச் சிலவகைப் பிளாஸ்டிக்கில் கலந்த எண்ணெய் போன்ற சேர்மங்களும் கசிந்து போய்விடும். மேற்பரப்பில் மயிரிழை விரிசல் விழும். அப்புறம் கல்லில் உரசினாலோ அலை அடித்தாலோ போதும், உதிர ஆரம்பித்துவிடும்.

பர்மாவில் இந்த வேலைக்கு ஏற்ற இடம் ஐராவதி. மாலி ஆறும் ந்மாய் ஆறும் மிச்சோனில் சேர்ந்து ஐராவதி ஆகி, பாமோ, மண்டலே, பகான், புரோம், ஹென்சாடா வழியாக ஏறத்தாழ 2,170 கிலோமீட்டர் ஓடிக் கழிமுகத்தில் பல கிளையாகப் பிரிகிறது. எங்கள் சிரியம் அதன் கரையில் இல்லை. பெகு ஆறு யாங்கோன் ஆற்றில் கலக்குமிடத்தில் இருக்கிறது. ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய துவாந்தே கால்வாய் யாங்கோன் ஆற்றை ஐராவதியோடு கோத்துவிட்டது. ஃபோனா அண்ட் ஃப்ளோரா இன்டர்நேஷனல் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் தன்ட் மியான்மர் என்ற உள்நாட்டு அமைப்பும் சேர்ந்து செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஐராவதியில் நாளொன்றுக்குச் சராசரி 119 டன் பிளாஸ்டிக் குப்பை சேர்கிறது என்றது அது. ஐந்து டன் லாரியில் ஏற்றினால் தினமும் இருபத்துநான்கு லாரி. அது பை, பொட்டலம், புட்டி என்று முழுசாகப் போகிற கணக்கு. நுண்ணெகிழிக்கு அவைதான் தாய்.

கோடையில் ஆறு வற்றி மணல்திட்டுகள் தலைதூக்கும். மழைக்கால வெள்ளம் கொண்டுவந்து செருகிய பைகளும் வலைத்துண்டுகளும் அந்தத் திட்டுகளில், மத்திய பர்மாவின் வறண்ட வெயிலில், மாதக்கணக்கில் காய்கின்றன. என் பின்கட்டுக் கயிற்றுக்கு மூன்று கோடையில் நடந்தது அங்கேயும் நடக்கிறது. மழை வந்ததும் நீர் பல மீட்டர் உயர்ந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போகும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்து ஆறுகளை வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் அளந்து 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. படுகையில் கிடந்த நுண்ணெகிழியில் சுமார் 70 சதவீதத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. பருவமழை ஆறு ஒன்றில் இது எத்தனை பெரிய சலவை என்று எண்ணிப் பார்க்கிறேன்.

எல்லாம் கடலுக்குப் போய்விடும் என்றும் நினைக்க முடியாது. பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். நைலானும் தண்ணீர்ப்புட்டி செய்கிற பெட் பிளாஸ்டிக்கும் கனம், அமிழும். மிதப்பவற்றின் மேலும் பாசியும் பாக்டீரியாவும் படர்ந்தால் அவையும் மெல்ல இறங்கும். ஐராவதி உலகத்திலேயே மிக அதிகம் வண்டல் சுமக்கும் ஆறுகளில் ஒன்று. கழிமுகத்து நெல்வயலை வளமாக்கியது அந்த வண்டல்தான். அதோடு ஒட்டிக்கொண்டு துகளும் படியும்.

உயிர்களுக்கு என்ன கேடு என்றால், முதலாவது வயிறு. நாம் உல்லம் என்கிற மீனைப் பர்மியர் ங்காத்தலவ் என்பார்கள். கடலிலிருந்து ஆறேறி வந்து முட்டையிடும் மீன். அது செவுளில் உள்ள சீப்புப் பற்களால் தண்ணீரை வடிகட்டி மிதவையுயிர்களைத் தின்பது. மிதவையுயிர் அளவில் ஒரு துகள் வந்தால் வடிகட்டிக்கு வித்தியாசம் தெரியாது. தின்ற உயிருக்கு வயிறு நிறையும், சத்து சேராது. சிறு ஓட்டுயிர்கள், சிப்பிகள் மீது செய்த சோதனைகளில் தீனி குறைந்ததும், வளர்ச்சியும் இனப்பெருக்கமும் தளர்ந்ததும் பதிவாகியிருக்கின்றன. சோதனைச்சாலையில் கொடுத்த அளவு பல சமயம் ஆற்றில் இருப்பதைவிட மிக அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயத்தை ஊதிப் பெருக்கினால் சொல்லின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

இரண்டாவது சுமை. தண்ணீரில் கரையாத பூச்சிமருந்து, எண்ணெய்க் கழிவு போன்றவை பிளாஸ்டிக் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஒரு துண்டு ஆயிரம் துகளானால் ஒட்டுவதற்கான பரப்பும் பலமடங்காகும். செய்யும்போதே கலந்த வேதிப்பொருள்களும் கசியும். மூன்றாவது, துகள்கள் நுண்ணுயிருக்குத் தோணியாகின்றன. ஓரிடத்துக் கிருமி அதன்மேல் ஏறி இன்னோரிடம் போய்ச் சேரும்.

சிறியதைப் பெரியது தின்னும் வரிசையில் மேலே இருப்பது ஐராவதி ஓங்கில், அதாவது டால்பின். மண்டலேக்கு வடக்கே மீனவர்கள் படகு விளிம்பில் கட்டையால் தட்டிக் கூப்பிட, வந்து மீன்கூட்டத்தை வலைப்பக்கம் ஓட்டிக் கொடுக்கும் அந்த ஓங்கில்கள் ஆற்றில் நூறுகூட மிச்சமில்லை. அவற்றை உடனடியாகக் கொல்வது செவுள்வலையும் மின்சாரம் பாய்ச்சி மீன்பிடிப்பதும்தான். அறுந்த வலை பிறகு துகளாகி, அவை தின்னும் மீனுக்குள் போகிறது. வரிசையில் நாமும் இருக்கிறோம். பெரிய மீனைக் குடல் நீக்கித்தான் சமைக்கிறோம். ஆனால் நெத்திலி, கூனி, சிறு இறாலைப் புளிக்கவைத்துச் செய்த ங்காப்பி விழுது எல்லாம் குடலோடு முழுசாக உள்ளே போகிறவை. எங்கள் வீட்டில் ங்காப்பி இல்லாத வாரம் கிடையாது.

இனி, கூடவே வரும் சில சொற்கள். நொறுங்கிப் பிறப்பவை ஒருவகை. தொடக்கத்திலேயே சிறியதாகச் செய்தவை இன்னொரு வகை: ஆலைக்குப் போகும் மூலப் பிளாஸ்டிக் மணிகள், முகம் தேய்க்கும் பசையில் போட்ட குறுமணிகள். ஆங்கில வழியில் பின்னதை முதல்நிலை, முன்னதை இரண்டாம்நிலை என்பார்கள். பிறவி நுண்ணெகிழி, நொறுங்கு நுண்ணெகிழி என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்குகிறது. பாலியஸ்டர் கைலியைத் துவைக்கும்போது உதிர்வது நெகிழி இழை. ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே போனால் நானோபிளாஸ்டிக். அதற்கு மீநுண்ணெகிழி என்று எழுதலாம்.

டயர்தான் எனக்கு இன்னும் படியாத இடம். சாலையில் தேய்ந்து மழையோடு ஆற்றுக்கு வரும் கறுப்புத் தூளையும் ஆய்வாளர்கள் இந்தக் கணக்கிலேயே சேர்க்கிறார்கள், ஏனென்றால் அதில் செயற்கை ரப்பரும் இருக்கிறது. ஆனால் ரப்பரை நெகிழி என்று எந்தத் தமிழனும் சொல்லமாட்டான். இப்போதைக்கு டயர்த்தூள் என்றே எழுதுகிறேன். அத்தைக்கும் அது ஒரே தடவையில் புரிந்தது.