தஞ்சாவூரில் ஸ்மார்ட் சிட்டி, நம் ஊராட்சியில் என்ன?

தஞ்சாவூர் போய்வந்தவர்கள் டீக்கடையில் கேட்பதுண்டு: "அங்கே ஸ்மார்ட் சிட்டி வந்துடுச்சு, நம்ம ஊருக்கு எப்ப?" வராது. 2015 ஜூன் 25 அன்று மத்திய அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தில் நாடு முழுக்க 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. டெல்டாவில் தஞ்சாவூரும் திருச்சியும் மட்டும். நகரத்துக்கு 500 கோடி ரூபாய் மத்திய அரசு தர, அதே அளவு மாநில அரசும் மாநகராட்சியும் சேர்ந்து போட வேண்டியிருந்தது. 2025 மார்ச் 31-உடன் அது முடிந்தும் விட்டது. ஊராட்சிகளுக்கு அதில் இடமே இருந்ததில்லை.

சரி, அதனால் நமக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. ஊராட்சிக்கு உதவும் கருவிகளுக்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை.

தண்ணீர்த் தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு டேங்க் ஆபரேட்டருக்கு மூன்று தொட்டி, ஒரு சைக்கிள். முதல் தொட்டிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு மூன்றாவதற்குப் போய்த் திரும்புவதற்குள் முதல் தொட்டி வழிந்து தெருவில் ஓடும். பக்கத்து வயல்காரருக்கு மட்டும் சந்தோஷம்! அந்த வயல்காரரோ ராத்திரி கரண்ட் வந்தால் வீட்டுத் திண்ணையிலிருந்தே செல்போனில் பம்புசெட்டைப் போட்டுவிடுகிறார். அந்த மொபைல் ஸ்டார்ட்டரை ஊராட்சி மோட்டாருக்கும் மாட்டலாம். தொட்டி நிரம்பினால் நிறுத்தும் மிதவை சுவிட்சையும் சேர்த்தால் சைக்கிள் ஓட்டம் பாதியாகக் குறையும்.

தெருவிளக்குக்கு நேரம் வைத்து எரிய விடும் டைமர் போதும். வெளிச்சத்தைப் பார்த்து அணையும் சென்சாரைப் புளியமரத்தடியில் வைத்தால் பகலிலும் விளக்கு எரியும். வீட்டு வரியை ஏற்கெனவே இணையத்தில் கட்டலாம்.

இதற்குப் பணம்? 2021 முதல் 2026 வரை மத்திய அரசு தந்த 15-வது நிதிக்குழு மானியத்தில் ஊராட்சிகளுக்கு 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்கு. 40 சதவீதம் ஊரின் மற்ற தேவைகளுக்கு (சம்பளத்துக்குக் கூடாது). 2026 ஏப்ரல் முதல் 16-வது நிதிக்குழுவின் காலம்; அதன் பங்கீட்டை ஊராட்சிச் செயலரிடம் கேட்டுக்கொண்டு மனு எழுதுங்கள்.

மனு கொடுக்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். 2025 ஜனவரி 5-உடன் டெல்டாவின் பல ஊராட்சிகளில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோதும் கிராம சபை நிற்கவில்லை. கும்பகோணம், மன்னார்குடி போன்ற நகரங்களில் இருப்பவர்களுக்குக் கிராம சபைக்குப் பதில் வார்டில் கூடும் பகுதி சபா.

"ஊரை ஸ்மார்ட் ஆக்க வேண்டும்" என்று எழுதினால் அந்த மனு கட்டோடு கட்டாகப் போகும். "கிழக்குத் தெரு தொட்டிக்கு மிதவை சுவிட்ச்" என்று எழுதுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று அங்கேயே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் அது கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்ததா என்பதை மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

இன்னும் இரண்டு வரி அதே தீர்மானத்தில் இருக்கட்டும். ஒன்று, கையால் மோட்டார் போடும் வழியை எடுத்துவிடக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, கரண்டும் செல்போன் சிக்னலும் போனபிறகு ஜெனரேட்டர் வைத்துத் தண்ணீர் ஏற்றியவர்களுக்கு ஏன் என்று தெரியும். இன்னொன்று, ஸ்டார்ட்டருக்குள் ஒரு சிம் இருக்கிறது. மாதாமாதம் அதற்கு ரீசார்ஜ் போடப்போவது யார் என்று பெயர் போட்டு எழுதச் சொல்லுங்கள்.