ஜீப்பின் கதவைக் கழற்றி ஓடலாமா? சட்டம் பார்ப்பதும் பிணைச்சல் கேட்பதும்

யாழ்ப்பாணத்தின் மணற்காட்டுச் சவுக்கங்காட்டுக்குள்ளோ வடமராட்சி கிழக்கின் மணல் ஒழுங்கைகளிலோ ஓடுவதற்காக ஜீப்பின் கதவுகளைக் கழற்றிவைப்பது புதிய பழக்கமல்ல. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லீஸ் ஜீப் கதவே இல்லாமல்தான் வந்தது. ஆள் விழாமல் பக்கத்துக்கு ஒரு பட்டி, அவ்வளவுதான். மணலில் ஓடும்போது கதவு இல்லாவிட்டால் முன் சில்லு எங்கே புதைகிறது என்று எட்டிப் பார்க்கலாம். ஆனால் அதே கோலத்தில் ஏ-9 வீதியில் ஏறினால் விஷயம் வேறு. கதவு போகும்போது அதோடு சேர்ந்து என்னென்ன போகின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதலாவது பக்கக் கண்ணாடி. ஜீப் ரங்ளர், லாண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்றவற்றில் பின்பார்வைக் கண்ணாடி கதவிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. கதவைக் கழற்றிய மறுகணமே சாரதிக்கு வலப்பக்கம் பின்னால் வருவது தெரியாது. பின்னால் வருவதைப் பார்க்கச் சாரதிக்குக் கண்ணாடி இருக்க வேண்டும் என்பது வீதியில் ஓடும் வாகனங்களுக்கான அடிப்படை விதி. பொலிஸார் மறித்தால் கதவைப் பற்றி நீங்கள் எவ்வளவும் வாதாடலாம், கண்ணாடியைப் பற்றி வாதாட இடமில்லை. இதற்கு வழி இலேசானது: கதவுப் பிணைச்சலிலோ (கீலிலோ) முன்கண்ணாடிச் சட்டத்திலோ பூட்டும் தனிக் கண்ணாடிகள் விற்கின்றன. இரண்டு பக்கத்துக்கும் வாங்குங்கள். ஒட்டுகிற சின்ன வட்டக் கண்ணாடி கிரவல் ரோட்டின் அதிர்வில் தலை தொங்கிவிடும். நட் போட்டு இறுக்குகிற வகைதான் நிற்கும்.

இரண்டாவது பதிவுப் புத்தகம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வாகனத்தின் உடலமைப்பு வகை பதிவாகியிருக்கிறது. பதிவில் உள்ள விபரம் பொருந்தாமல் போகும்படி வண்டியை மாற்றினால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, விபரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியது சொந்தக்காரரின் பொறுப்பு. சனிக்கிழமை கழற்றி ஞாயிறு பின்னேரம் திரும்பப் பூட்டுகிற கதவால் உடலமைப்பு வகை மாறிவிட்டது என்று எவரும் சொல்லப்போவதில்லை என்பதே எங்கள் வாசிப்பு. பிணைச்சலை வெட்டி எடுத்து, ஓட்டையை அடைத்துப் பெயின்ற் அடித்து, இரும்புக் கூரையை இறக்கிக் கன்வஸ் போட்டால் அது மாற்றம். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு கேட்டால் பதில் எதுவானாலும் பிணைச்சல் திரும்ப முளைக்காது.

மூன்றாவது ஆசனப்பட்டி. 2011 ஒக்ரோபர் முதல் சாரதிக்கும் முன் இருக்கையில் இருப்பவருக்கும் அது கட்டாயம். கதவு இல்லாத வண்டியில் அது தண்டப்பணத்துக்காகப் போடுவதல்ல. வளைவில் ஆளை இருக்கையில் பிடித்துவைக்க மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். பழைய ஜீப்புகளில் இடுப்புப் பட்டி மட்டுமே இருக்கும். பின்னால் நீட்டுக்கு இருக்கும் பக்க இருக்கைகளில் பலவேளை அதுவும் இல்லை. அப்படியான வண்டியில் கதவைக் கழற்றினால் பின்னால் ஆள் ஏற்றாதீர்கள். சின்னப்பிள்ளைகளை எந்த இருக்கையிலும் ஏற்ற வேண்டாம்.

நான்காவது காப்புறுதி. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது காப்புறுதிச் சான்றிதழையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் காட்டுகிறோம். அங்கே கதவைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதனால் எல்லாம் சரி என்று நினைக்கக் கூடாது. விபத்து நடந்தால் பொலிஸார் வண்டியை மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் காட்டுவார்கள். அவருடைய அறிக்கையில் கதவு இல்லாததும் வரும். முழுக் காப்புறுதி வைத்திருப்பவர் தன்னுடைய நிறுவனத்திடம் ஒரு கடிதம் எழுதி, எழுத்திலேயே பதில் வாங்கிவைப்பது நல்லது. தொலைபேசியில் 'பிரச்சினையில்லை' என்று சொன்னவர் இழப்பீடு கேட்கிற நேரத்தில் வேறு கிளையில் இருப்பார்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், கதவோடு இடத்துக்குப் போய், அங்கே கழற்றி, ஓடி முடித்துப் பூட்டிக்கொண்டு திரும்புவதே வில்லங்கமில்லாத வழி. ஆனால் கதவுகளை வைக்க இடம் வேண்டும். தெரிந்த ஒரு வீட்டுத் திண்ணை போதும்.

இடத்திலும் கவனம் தேவை. கரையோர மணற்குன்றுகள் 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்தின் கீழ் வருகின்றன. உள்ள பாதையை விட்டுக் குன்றில் ஏறினால் மணலைப் பிடித்துவைத்திருக்கும் இராவணன்மீசையும் அடம்பன் கொடியும் அறுந்துபோகும். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. அங்கே பாதை விலகி ஓடுவது வனசீவராசிகள் திணைக்களத்தின் அதிகாரத்துக்குள் வரும் விஷயம். வில்பத்துவுக்குள் கதவில்லாத வண்டியோடு போக யோசிக்கவே வேண்டாம். யானையும் சிறுத்தையும் கரடியும் உள்ள காடு அது. முகமாலைப் பக்கம் மிதிவெடிப் பலகை நிற்கும் இடங்களில் சில்லு மட்டுமல்ல, காலும் பாதையை விட்டு இறங்கக் கூடாது.

இனிக் கழற்றும் வேலை. வண்டியின் வகையைப் பொறுத்து அது ஐந்து நிமிடமாகவும் இருக்கும், அரை நாளாகவும் இருக்கும்.

கன்வஸ் கதவுள்ள பழைய மிற்சுபிஷி, மஹிந்திரா ஜீப்புகள் இலேசு. கதவின் குத்தூசி பிணைச்சல் குழலுக்குள் நிற்கிறது. நேராக மேலே தூக்கினால் வரும். வராவிட்டால் துருதான் காரணம். சுத்தியலால் அடிக்காமல் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். லாண்ட் ரோவர் சீரிஸில் கதவின் மேற்பாதி, அதாவது யன்னல் பகுதி, தனியாகக் கழலும். அடியில் உள்ள நட்டுகளை எடுத்தால் போதும். பலருக்கு அந்த அரைக்கதவே நல்லது. காற்றும் வரும், இடுப்பளவு காவலும் இருக்கும்.

ரங்ளர் கழற்றுவதற்கென்றே செய்த வண்டி. முதலில் யன்னல் கண்ணாடியை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். 2018இல் வந்த மாதிரிக்கு ரி-50 நட்சத்திரத் தலைச் சாவி வேண்டும். பிணைச்சல் ஊசிகளின் திருகாணிகளைக் கழற்றிய பிறகு, வயர் பிளக்கைப் பூட்டு நாக்கை விலக்கி இழுங்கள்; வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். கடைசியாகக் கதவு கூடுதலாகத் திறக்காமல் பிடிக்கும் பட்டியைக் கழற்றுங்கள். அந்தப் பட்டி கழன்றதும் கதவைப் பிடிக்க ஒன்றும் இல்லை. காற்று ஒருமுறை தள்ளினால் அது முன்பக்கத் தகட்டில் போய் மோதி நெளிக்கும். ஆகவே இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கண்ணாடிச் சட்டத்தையும் அடியையும் தாங்க, மற்றவர் பட்டியைக் கழற்றி, இருவருமாகச் சேர்ந்து நேர்மேலே தூக்க வேண்டும். சரித்துத் தூக்கினால் ஊசி குழலில் இறுகிப் பெயின்ற் உரியும்.

சுசுகி ஜிம்னி போன்றவற்றில் பிணைச்சல் போல்ற்றோடு உடலில் பிடித்திருக்கிறது. இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். போல்ற்றைக் கழற்றும் முன் பிணைச்சலைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுக்காவிட்டால், திரும்பப் பூட்டும்போது கதவு இரண்டு மில்லிமீற்றர் தாழ்ந்து நிற்கும். பூட்டு அதன் கொளுவியில் சரியாக விழாது. கடற்கரை உப்புக்காற்றில் நின்ற வண்டியாக இருந்தால் போல்ற் தலை உருண்டுபோகும் அபாயமும் உண்டு. பன்னிரு கோணச் சொக்கற்றை விட்டு அறுகோணச் சொக்கற் போடுங்கள்.

கழற்றிய திருகாணிகளைக் கதவு வாரியாகப் பால்மாப் பேணிகளில் போட்டு எழுதிவையுங்கள். தொங்கும் வயர் பிளக்கைப் பொலித்தீன் சுற்றிக் கட்டுங்கள். மணல் போனால் யன்னல் மோட்டர் பிறகு வேலை செய்யாது. பழைய வண்டிகளில் கதவு நிலையில் ஒரு பொத்தான் சுவிட்ச் இருக்கும். கதவு இல்லாவிட்டால் உள்விளக்கு அணையாது. காலையில் பற்றறி இறங்கியிருக்கும். விளக்கின் சுவிட்சையே நிறுத்திவிடுங்கள்.

ஓடும்போது முழங்கை உள்ளே இருக்கட்டும். எங்கள் ஒழுங்கைகளில் வடலி மட்டை சரியாகச் சாரதியின் கை உயரத்தில் நிற்கும். அதன் கருக்கு வாள்போல் இழுத்துவிடும். கதவு இருந்தால் பெயின்றில் விழும் கீறல் இப்போது தோலில் விழும். நீளக்கைச் சட்டையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது ஊசியையும் குழலையும் துடைத்து மணல் இல்லை என்று பார்த்துக் கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள். ரங்ளரில் மேல் ஊசி நீளமானது. அதை முதலில் குழலுக்குக் காட்டினால் கீழ் ஊசி தானாக நேருக்கு வரும். அதன் பிணைச்சல் திருகாணியை முழுப் பலத்தோடு இறுக்க வேண்டாம், பிணைச்சல் பழுதாகும். கதவைப் பிடிக்கும் பட்டியை மறக்காமல் கொழுவுங்கள். சாத்தும்போது பூட்டு இரண்டு தரம் சொடுக்கும் சத்தம் கேட்க வேண்டும். ஒன்றோடு நின்றால் கதவு அரைப்பூட்டில் நிற்கிறது. பத்துக் கிலோமீற்றர் ஓடியபின் எல்லாத் திருகாணிகளையும் இன்னொரு தரம் கைபார்த்துக்கொள்ளுங்கள்.