சிமேக்கின் ‘இஃப்’ ஒரு சொல்லை எப்படிப் படிக்கிறது?

சிமேக் என்பது மென்பொருளைக் கட்டியெழுப்ப உதவும் கருவி. இஃப், அதில் ஒரு நிபந்தனை மெய்யா பொய்யா என்று பார்க்கும் கட்டளை. ஒரு வாசகி கேட்டிருந்தார்: “நிறம் என்ற மாறியில் சிவப்பு என்று போட்டேன். காலியாக இல்லையே, அப்புறம் ஏன் சிமேக் அதைப் பொய் என்கிறது?” அவர் நிபந்தனையில் மாறியை டாலர் குறியும் நெளிவு அடைப்பும் போட்டு எழுதியிருந்தார். சிக்கல் அங்கேதான்.

டாலர் போட்ட பெயர் முதலில் தன் மதிப்பாக மாறிவிடும். இஃப் கைக்கு வருவது சிவப்பு என்ற வெறும் சொல். அது மாறிலியா, அதாவது மெய் அல்லது பொய் என்று பொருள் ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல்லா என்று இஃப் முதலில் பார்க்கும். ஆன், யெஸ், ட்ரூ, பூஜ்யமல்லாத எண் என்றால் மெய். ஆஃப், நோ, ஃபால்ஸ், பூஜ்யம் போன்றவை பொய். எதிலும் சேராத சொல்லை மாறியின் பெயராக எடுத்துக்கொண்டு தேடும். சிவப்பு என்று மாறியே இல்லை, ஆகவே பொய். டாலரை எடுத்துவிட்டு நிறம் என்று மட்டும் எழுதினால் மெய்.

பெயரை இஃப் தானே தேடிப்போவது ஏன்? டாலர் குறியீடு வருவதற்கு முன்பே இஃப் பிறந்துவிட்டது. சிமேக் 1999-ல் மருத்துவப் படங்களை ஆராயும் ஐடிகே மென்பொருளுக்காகத் தொடங்கியது. பணம் கொடுத்தது அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம். ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பொதுப்பணம் இப்படி எதிர்பாராத இடத்திலும் பலன் தரும் என்பதால்தான் அதைக் குறைக்கக் கூடாது என்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரின் அடையாளம் ‘எம்எஸ்விசி’தானா (மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் அடையாளம் அது) என்று, அடையாள மாறிக்கு டாலர் போடாமல் ஒப்பிடுகிறோம். மைக்ரோசாஃப்ட் கம்பைலர் ஓடும்போது எம்எஸ்விசி என்ற பெயரிலேயே ஒரு மாறியும் இருக்கும், மதிப்பு 1. பழைய இஃப், மேற்கோள்குறிக்குள் இருந்த சொல்லையும் விடாமல் மாறியாக்கிவிடும். ஒரு பக்கம் எம்எஸ்விசி, மறுபக்கம் 1. சரியான கம்பைலர் இருந்தும் விடை பொய்! 2014-ல் வந்த 3.1 பதிப்பின் சிஎம்பி 0054 விதிதான், மேற்கோளுக்குள் இருப்பதைச் சரமாகவே, அதாவது வெறும் எழுத்துகளாகவே, விடச் சொன்னது.

அதிலிருந்து “எதற்கும் மேற்கோள் போட்டுவை” என்று ஒரு மூடநம்பிக்கை பரவிவிட்டது. காரணம் தெரியாமல் செய்கிற சடங்கு எந்தத் துறையிலும் எனக்கு ஒப்பாது. வாசகியின் வரியில் டாலரோடு மேற்கோளையும் சேர்த்துப் பாருங்கள்: மேற்கோளில் தனியாக நிற்கும் சரம் மெய் மாறிலியாக இருந்தால்தான் மெய். சிவப்பு அப்படியல்ல, அப்போதும் பொய்தான்.