நர்ஸ், சிஸ்டர், செவிலியர்

ஈரோடு, கோவைப் பக்கம் வார்டுகளில் 'நர்ஸ்' என்று யாரும் கூப்பிடுவதில்லை. "ஏனுங் சிஸ்டர், பாட்டில் தீரப் போகுதுங்" என்பதே வழக்கு. ஊருக்குள் வீடு தேடி வருகிற கிராம சுகாதாரச் செவிலியர் 'நர்ஸம்மா'. வெறும் 'நர்ஸு' பெரும்பாலும் ஆள் இல்லாத இடத்துப் பேச்சு. அதைவிட்டால் சினிமா காமெடிக் காட்சி.

'நர்ஸ்' என்பதன் வேர் லத்தீன். பாலூட்டி வளர்ப்பவள் என்று பொருள். 'செவிலி'யின் பழம்பொருளும் அதுதான். சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்தவள், அவள் காதலனோடு ஊரைவிட்டு உடன்போக்குப் போனபின் பாலைவழியில் தேடி நடப்பவள். 'தோழி தானே செவிலி மகளே' என்கிறது தொல்காப்பியம். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் 'தாதி' வடமொழி வழி வந்தது. அதற்கும் வளர்ப்புத்தாய் என்பதே மூலப்பொருள். 'சிஸ்டர்' கன்னியர் மடம் தந்த சொல். பிரிட்டனில் வார்டுப் பொறுப்பாளருக்கு மட்டும் உரியது, இங்கே எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. 'ஆயா' போர்ச்சுகீசியம், அவர் பணியே வேறு. காமெடி இரண்டையும் குழப்பும்.

நர்ஸைக் கேலி செய்வது புதிதல்ல. 1843-44இல் சார்லஸ் டிக்கன்ஸ் ஒரு நாவலில் சேரி கேம்ப் என்ற குடிகார நர்ஸைப் படைத்தார். அவள் கையில் எப்போதும் ஒரு குடை இருக்கும். அதனால் ஆங்கிலப் பேச்சில் குடைக்கே 'கேம்ப்' என்று பெயர் வந்தது. நவீன செவிலியப் பணிக்கு வழிவகுத்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் போர்க்கள மருத்துவமனைக்குப் போனது 1854இல். பயிற்சிப் பள்ளி தொடங்கியது 1860இல். பயிற்சியில்லாக் காலத்தைக் குத்திய கேலி அது, குறி இருந்தது. நம் சினிமா நர்ஸுக்கு இருப்பதோ குட்டை வெள்ளை கவுன், முழ நீள ஊசி, மலையாளம் கலந்த தமிழ். கொங்குத் தமிழையே சிரிப்புப் பொருளாக்கிப் பார்த்தவர்கள் நாம். பக்கத்துப் பாலக்காட்டுப் பேச்சைக் கேலி செய்யும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

அந்த ஊசியை எடுத்துக்கொள்வோம். தசை ஊசி பொதுவாக ஒன்று, ஒன்றரை அங்குலம். பிட்டத்தில் போட்டால் மேலே, வெளிப்பக்கமாக இருக்கும் கால்பங்கில்தான் போட வேண்டும். நடுவிலோ கீழேயோ குத்தினால் இடுப்பு நரம்பில் பட்டு, பாதம் தூக்க முடியாமல் தொங்கிப்போகலாம். திரையில் குத்துவது பெரும்பாலும் நட்டநடுவில். பார்த்துப் பயந்தவர் தசையை இறுக்கிக்கொள்கிறார். இறுகிய தசையில்தான் வலி அதிகம்.

குளுக்கோஸ் பாட்டில் இன்னொன்று. 500 மி.லி. நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டுமென்றால், மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாயில் நிமிடத்துக்கு சுமார் 42 சொட்டு. இந்தக் கணக்கைக் காமெடி காட்டாது. அதனால் கூட இருப்பவர் சொட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் உருளையைத் தண்ணிக் குழாய் மாதிரித் திருகிவிடுகிறார். வேகமாக ஏறினால் இதயம் பலவீனமான பெரியவருக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம்.

எழுத்தில் 'செவிலியர்' போதும். இருபாலுக்கும் பொருந்தும், ஒருவருக்கும் மரியாதைப் பன்மையாக நிற்கும். 'செவிலித்தாய்' இந்த வேலைக்கு வேண்டாம். கேலி ஒரு பக்கம் இழுத்தால் அது தியாகத் தாயாக்கி மறுபக்கம் இழுக்கும்; சம்பளமும் ஆள் பற்றாக்குறையும் பேச்சில் வராமலே போகும். உரையாடலில் 'செவிலியரே' என்று எழுதினால் நாடகம் போலிருக்கும். அங்கே 'சிஸ்டர்' இருக்கட்டும். ஆண் செவிலியரை வார்டில் 'பிரதர்' என்பார்கள். காமெடி வசனம் எழுதுவோர் பலருக்கு அந்தச் சொல் இன்னும் எட்டவில்லை.